பைட்டோவா, ரோட்டிஃபரா, பாட்ஸா, ஆர்ட்டிமியாவா? உப்புநீர் டேங்க்குக்கு வீட்டில் எதை வளர்ப்பது

உப்புநீர் டேங்க் வைத்து ஒரு வருடம் ஓட்டிவிட்டால் எல்லோருக்கும் இந்த ஆசை வந்துவிடும்: உயிருள்ள பிளாங்டனை, அதாவது தண்ணீரில் வாழும் நுண்ணிய உயிர்களை, வீட்டிலேயே வளர்த்து மீனுக்குப் போட வேண்டும். பைட்டோ என்பது நுண்பாசி; ரோட்டிஃபர், பாட்ஸ் (கோபிபாட்), ஆர்ட்டிமியா மூன்றும் பாசியைத் தின்னும் குட்டி உயிர்கள். உடனே கேட்கும் கேள்வி, "எதை வளர்ப்பது சுலபம்?" சுலபம் என்று பார்த்தால் ஆர்ட்டிமியாதான். ஆனால் கிளவுன் மீன் குஞ்சு பொரித்த அன்று கையில் ஆர்ட்டிமியா மட்டும் இருந்தால் அந்தக் குஞ்சுகள் பட்டினி கிடந்து செத்துப்போகும். பாட்ஸ் வளர்த்தால் மாண்டரின் மீன் கொழுக்கும். அதே பாட்ஸ் கிளவுன் லார்வாவுக்கு (புதிதாகப் பொரித்த குஞ்சுக்கு) போதாது. அதனால் சாப்பிடப்போவது யார், அதன் வாய் எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் கல்ச்சரில் (இவற்றை வளர்க்கும் பக்கெட்டில்) கை வைக்க முடியும் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். எதை வளர்ப்பது என்பது அதற்கு அப்புறம் தானே முடிவாகிவிடும்.

முதலில் பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேங்க்கில் ஒரு ஜோடி கிளவுன், இரண்டு டாம்ஸல், ஒரு டேங் மீன், கொஞ்சம் இறால், இவ்வளவுதான் என்றால் எதையும் வளர்க்க வேண்டாம். வளர்ந்த மீனுக்கு ஃப்ரோசன் மைசிஸும் (உறையவைத்த குட்டி இறால் வகை) நல்ல பெல்லட்டும் போதும். கல்ச்சர் என்பது தினசரி வேலை. தேவை இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது மாதத்தில் சலித்துப்போகும்.

தேவை உண்மையாகவே வருவது மூன்று இடங்களில். ஒன்று, மாண்டரின் மாதிரி நாள் முழுக்கப் பாறையில் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு, முட்டையிடும் ஜோடி. மூன்று, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர்கள்: ஃபெதர் டஸ்டர் புழுக்கள், சிப்பி வகைகள். கடல்குதிரைக்காகக் கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் கடல்குதிரைகள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலில் பிடித்ததை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நான் எழுதுவது சென்னை வீட்டை மனதில் வைத்து. மே மாதம் ஏசி இல்லாத அறையில் தண்ணீர் 32, 33 டிகிரிக்குச் சாதாரணமாகப் போய்விடும். வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டர் போடச் சொல்வார்கள். நமக்கு அதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இந்த ஒரு வித்தியாசம் முடிவையே பல இடங்களில் மாற்றிவிடுகிறது.

ஆர்ட்டிமியா: டப்பாவில் தூங்கும் தீவனம்

இது கல்ச்சர் என்பதைவிடப் பொரிப்பு என்பதுதான் சரி. முட்டை காய்ந்த நிலையில் டப்பாவில் இருக்கும். வேண்டும்போது உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் குஞ்சு வந்துவிடும். உலகச் சந்தைக்கு வரும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் கிரேட் சால்ட் லேக்கிலிருந்து வருவது. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டிமியா உண்டு. ஆனால் கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இறால் ஹேச்சரிகளுக்காக (குஞ்சு பொரிப்பகங்களுக்காக) இறக்குமதியாகும் டின். மரக்காணம், மாமல்லபுரம் பக்கம் ஹேச்சரிகள் இருப்பதால் நல்ல முட்டை சென்னையில் கிடைப்பதில் சிரமம் இல்லை. டின் பெரியது, 450 கிராம் வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் திறந்த டின்னில் ஈரம் ஏறினால் பொரிப்பு விகிதம் மளமளவென்று இறங்கும். சின்னச் சின்ன பாட்டில்களாகப் பிரித்து, காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பொரிக்க விலை உயர்ந்த ரீஃப் சால்ட் தேவையில்லை. அயோடின் சேர்க்காத கல்லுப்பு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா, குளோரின் போன தண்ணீர். ஒரு பெட் பாட்டிலின் அடியை அறுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்தினால் கூம்பு தயார். அடியிலிருந்து நல்ல வேகத்தில் காற்று, மேலே ஒரு விளக்கு. நம் ஊர் வெப்பத்தில் 24 மணி நேரத்துக்குள் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். ஏர் பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தால் காலி ஓடுகள் பழுப்பாக மேலே மிதக்கும், குஞ்சுகள் அடியில் சேரும். ஒளியை நோக்கி நீந்துவது இவற்றின் குணம். கூம்பின் கழுத்துப் பக்கம் ஒரு டார்ச்சைப் பிடித்தால் இன்னும் நெருக்கமாகக் கூடும். அங்கிருந்து டியூப் வழியாக இறக்கி, வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடலாம். ஓடுகளை டேங்க்குக்குள் விடாதீர்கள். சிறு மீன்கள் அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஒரு கிராம் நல்ல முட்டையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் குஞ்சு வரும். விலை, வேலை, நம்பகம் என்ற மூன்றிலும் இதற்குப் போட்டி கிடையாது. குறை இரண்டு. ஒன்று அளவு: புதிதாகப் பொரித்த குஞ்சே 400 முதல் 500 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), கடல் மீன் லார்வாக்களில் பெரும்பாலானவற்றின் முதல் வாய்க்கு இது பெரிது. இரண்டாவது சத்து. பொரித்த சில மணி நேரம் வரை வயிற்றில் கரு உணவு இருக்கும், அதுதான் அதன் மதிப்பே. அதைத் தின்று தீர்த்தபின் நீந்தித் திரியும் குஞ்சு வெறும் கூடு. போதாததற்கு, மீன் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவைப்படும் டி.எச்.ஏ. கொழுப்பு ஆர்ட்டிமியாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பொரித்து அரை நாள் ஆனதும் குஞ்சு வாய் திறந்து சாப்பிடத் தொடங்கும். அப்போது ஐசோகிரைசிஸ் பாசியிலோ கடையில் விற்கும் என்ரிச்மென்ட் (சத்தேற்றும்) எண்ணெய்க் கலவையிலோ சில மணி நேரம் விட்டு, வயிறு நிரம்பியபின் போட்டால் அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டலாம்.

சிலர் மொட்டை மாடியில் ஒரு டப் வைத்து ஆர்ட்டிமியாவைப் பெரிதாக்குகிறார்கள். பச்சைத் தண்ணீர் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிடும். மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் உப்பு இறங்காமலும், மற்ற நாளில் கொசு முட்டையிடாமலும் மூடிவைக்க வேண்டும். பொழுதுபோக்குக்குச் சரி, தேவை என்று சொல்ல மாட்டேன்.

ரோட்டிஃபர்: கணக்குப் போட்டு வளர்ப்பது

கிளவுன் குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் அதன் வாயில் நுழையும் தீவனம் ரோட்டிஃபர்தான். நூறு மைக்ரானிலிருந்து முந்நூறு மைக்ரான் வரை இருக்கும், மெதுவாக நீந்தும், எங்கும் ஒளியாது. கடல் மீன் ஹேச்சரித் தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது. ஜப்பானில் விலாங்குக் குளங்களில் தொல்லையாகக் கருதப்பட்ட உயிரை, மீன் குஞ்சுக்குத் தீவனமாக்கலாம் என்று 1960 வாக்கில் காட்டியவர் தகாஷி இதோ. 2010இல் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) இந்தியாவில் முதன்முறையாகக் கடல்விரால் எனப்படும் கோபியாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்தபோதும் குஞ்சுகளின் முதல் சாப்பாடு ரோட்டிஃபர், அப்புறம் ஆர்ட்டிமியா. வீட்டில் கிளவுன் வளர்ப்பவர் செய்வதும் அதேதான், அளவு மட்டும் சின்னது.

இங்கே கணக்கைப் பார்த்துவிடுங்கள். லார்வா டேங்க் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபராவது இருந்தால்தான் குஞ்சு தேடி அலையாமல் சாப்பிடும். அதற்கு இரண்டு லட்சம் வேண்டும். கல்ச்சர் பக்கெட் பத்து லிட்டர், அடர்த்தி மில்லிலிட்டருக்கு நூறு என்றால் உள்ளே பத்து லட்சம் இருக்கும். ஆரோக்கியமான கல்ச்சரில் தினமும் கால் பங்கு வரை எடுக்கலாம், அதாவது இரண்டரை லட்சம். ஆக ஒரு ஈடு குஞ்சுக்கு ஒரு பத்து லிட்டர் பக்கெட் சரியாகப் போதும். ஆனால் பக்கெட் எப்போது வேண்டுமானாலும் கவிழும் என்பதால் இரண்டு வையுங்கள்.

கவிழ்வது என்றால் நேற்று மாலை வரை தூசி பறப்பது போல நிறைந்திருந்த பக்கெட் இன்று காலையில் அசைவே இல்லாமல் கிடக்கும். காரணம் பெரும்பாலும் அம்மோனியா அல்லது அதிகத் தீவனம். ரோட்டிஃபர் ஆண் துணை இல்லாமலே பெருகும். நல்ல நிலையில் ஒரே நாளில் இரட்டிப்பாகும். அதே வேகத்தில் கழிவும் சேரும். அதனால் இதன் முதல் விதி, தேவை இருக்கிறதோ இல்லையோ தினமும் அறுவடை செய்ய வேண்டும். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் ஒரு பைப்பெட்டில் ஒரு மில்லி எடுத்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் சுறுசுறுப்பாக உருண்டுகொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் பொம்மை மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது: பின்னால் முட்டை சுமந்துகொண்டிருக்கும் பெண்கள் நிறையத் தெரிந்தால் கல்ச்சர் ஏறுமுகம். முட்டையே காணோம் என்றால் இரண்டு நாளில் சரியப்போகிறது என்று அர்த்தம். அப்போதே பாதியை வடித்துப் புதுப் பக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வகை பார்த்து வாங்குங்கள். எல் வகை எனப்படும் பெரிய ரோட்டிஃபர் சற்றுக் குளிர்ந்த தண்ணீரை விரும்பும். எஸ் வகை சின்னது, 30 டிகிரி தாண்டியும் நன்றாகப் பெருகும். ஏசி இல்லாத சென்னை வீட்டுக்கு எஸ் வகைதான் சரி.

தீவனத்துக்கு பேக்கரி ஈஸ்ட் போடலாம் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். போடலாம், ரோட்டிஃபர் சாப்பிடும், தண்ணீரும் சீக்கிரம் நாறும். சத்தும் இல்லை, ரோட்டிஃபர் என்ன தின்றதோ அதுதான் மீன் குஞ்சுக்குப் போய்ச் சேரும். நன்னோகுளோராப்சிஸ் (சுருக்கமாக நன்னோ) என்ற நுண்பாசியின் பேஸ்ட் கிடைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதே நிம்மதி.

எப்போது தொடங்குவது? கிளவுன் முட்டை பொரிக்க நம் வெப்பத்தில் ஏழெட்டு நாள் ஆகும். பத்தாயிரம் ரோட்டிஃபரில் தொடங்கி தினமும் இரட்டித்தால் ஏழு நாளில் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் முதல் இரண்டு நாள் அது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். புது ஜோடி முதல் ஒன்றிரண்டு ஈடு முட்டையைத் தானே தின்றுவிடுவது வழக்கம், இரண்டு வாரத்துக்கொரு முறை மறுபடி இடும். அந்த வீணாகும் ஈடுகளையே ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முட்டையைப் பார்த்த அன்று ரோட்டிஃபர் தொடங்கினால் மூன்றாவது ஈட்டுக்குக் கல்ச்சர் நிலைபெற்றிருக்கும். குஞ்சுக்கு ஐந்தாறு நாள் ஆனதும் ஆர்ட்டிமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வாரம் தாண்டியபின் ரோட்டிஃபரைக் குறைத்துக்கொண்டே வரலாம். ஆர்ட்டிமியாவின் உண்மையான இடம் இந்த இரண்டாம் படிதான்.

மாண்டரினுக்கு ரோட்டிஃபர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது தேடுவது பாறையில் ஊர்ந்து திரிவதை. ரோட்டிஃபர் தண்ணீரில் மிதந்து, ஃபில்டரில் போய்ச் சேரும்.

கோபிபாட்: மெதுவாக, ஆனால் நிலையாக

பாட்ஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் கோபிபாட்தான் கடலில் மீன் குஞ்சுகளின் இயற்கை உணவு. டி.எச்.ஏ. தானாகவே நிறைந்திருக்கும், என்ரிச்மென்ட் வேலை கிடையாது. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் பெருகும். ஒரு தலைமுறைக்கு வெப்பத்தைப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ரோட்டிஃபரின் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மாறாக, ஒரு வாரம் மறந்துபோனாலும் மன்னித்துவிடும்.

நம் பேச்சில் எல்லாம் "பாட்ஸ்" என்று ஒரே பெயரில் போகிறது, ஆனால் வகைக்கு வகை வேலை வேறு. டிக்ரியோபஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலை தெறித்துத் தேங்கும் பாறைக் குட்டைகளில் வாழ்வது. ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் வளரும், சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் சமாளிக்கும். பெரிதாகத் தெரிவதால் மீன் உடனே பிடித்துத் தின்றுவிடும்; டேங்க்குக்குள் குடும்பம் நடத்தி நிலைப்பது அரிது. டிஸ்பி அதைவிடச் சின்னது, கண்ணாடியிலும் பாறை இடுக்கிலும் ஊர்வது, சம்ப்பில் (டேங்க்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்) தானாகவே பெருகிக்கொண்டிருக்கும். அபோசைக்ளாப்ஸ் வெப்பமண்டல வகை. சூட்டைத் தாங்கும், குஞ்சுகள் தண்ணீரில் மிதக்கும், பெரியவை அடியிலும் நடுத்தண்ணீரிலும் திரியும். சென்னை வீட்டில் ஒரே ஒரு கல்ச்சர்தான் வைக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அபோசைக்ளாப்ஸ்.

பார்வோகலானஸ் என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். 2015இல் ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் யெல்லோ டேங் மீனை முதன்முறையாக முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தபோது அதற்குப் பின்னால் இருந்தது இந்தக் குட்டிக் கோபிபாட்தான். அதன் குஞ்சு ரோட்டிஃபரையே பெரிதாகக் காட்டும் அளவுக்குச் சின்னது. ஆனால் அதற்கு உயிருள்ள பாசிதான் வேண்டும், பேஸ்ட் ஆகாது. அடர்த்தியாக வளராது, சின்ன அதிர்ச்சிக்கே சரிந்துவிடும். டேங் வளர்ப்பது உங்கள் லட்சியம் என்றால் சரி. மற்றவர்களுக்கு இது தலைவலி.

இனி மாண்டரின் கணக்கு. பத்து லிட்டர் அபோசைக்ளாப்ஸ் கல்ச்சரில் மில்லிலிட்டருக்கு இரண்டு என்று வைத்தாலும் மொத்தம் இருபதாயிரம். வாரம் கால் பங்கு எடுத்தால் ஐந்தாயிரம். நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும் ஒரு மாண்டரினுக்கு அது ஒரு வாரச் சாப்பாடு கிடையாது. பலர் பாட்டிலில் பாட்ஸ் வாங்கி ஊற்றி, மாண்டரின் ஏன் மெலிகிறது என்று குழம்புவது இதனால்தான். நீங்கள் ஊற்றுவது விதைப்புக்கு. பயிர் வளர வேண்டியது டேங்க்குக்குள். அதற்கு நிறையப் பாறை, மீன் நுழைய முடியாத ரெஃப்யூஜியம் என்ற தனி அறை, அதில் ஒரு கொத்து கீட்டோ பாசி, அப்புறம் பொறுமை. டேங்க் ஓட ஆரம்பித்து சில மாதம் கழித்து, இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஊரும் நிலை வந்தபின் மாண்டரின் வாங்குங்கள். வீட்டுக் கல்ச்சர் அதன் மேல் வாராவாரம் போடும் டாப்-அப். விளக்கு அணைந்தபின், ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக எடுப்பது) வேவ்மேக்கரையும் (தண்ணீரை ஓட வைப்பது) ஒரு மணி நேரம் நிறுத்தி, பாறைக்கு அருகில் ஊற்றினால் வீணாவது குறையும். ஃபில்டர் சாக்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

அறுவடைக்கு இரண்டு வலை வேண்டும். சுமார் 150 மைக்ரான் வலையில் பெரியவை நிற்கும். கீழே போனதை 50 மைக்ரான் சுமாருள்ள வலையில் பிடித்தால் குஞ்சுகள். மாண்டரினுக்குப் பெரியவற்றைப் போட்டு, குஞ்சுகளைப் பக்கெட்டுக்கே திருப்பிவிடுங்கள். கல்ச்சர் தளராது.

பைட்டோ: மற்றவற்றுக்கு அடியில் இருப்பது

ஆர்ட்டிமியாவைத் தவிர மற்ற எதை வளர்த்தாலும் அதற்குச் சாப்பாடு பாசி. எனவே உண்மையில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு, பாசியை நீங்களே வளர்ப்பதா, பேஸ்ட் வாங்குவதா என்பதுதான்.

பாசியை நேராக டேங்க்கில் ஊற்றினால் மீன் கொழுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நன்னோ செல் இரண்டு முதல் நான்கு மைக்ரான். மீனுக்கு அது வெறும் பச்சைத் தண்ணீர். அதைத் தின்பது பாட்ஸ், ஃபெதர் டஸ்டர், சிப்பி, ஸ்பாஞ்ச். மீனுக்கு லாபம் ஒரு கை மாறித்தான் போய்ச் சேரும்.

வளர்க்கும் முறை கடினமில்லை. இரண்டு லிட்டர் பெட் பாட்டில், கொதிக்க வைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீர், உப்பு கடல் அளவைவிடச் சற்றுக் குறைவாக, எஃப்/2 ஊட்டக்கரைசல், அடி வரை போகும் கெட்டியான ஏர் குழாய், பக்கத்தில் ஒரு எல்இடி 16 மணி நேரம். ஒரு வாரம் பத்து நாளில் கரும்பச்சையாகும். பாதியை எடுத்துக்கொண்டு மீதியில் புதுத் தண்ணீரும் ஊட்டமும் ஊற்ற வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுவது போல. தயிரைப் போலவே, உறை கெட்டால் எல்லாம் கெட்டது. நிறம் மஞ்சளாவது, திட்டுத்திட்டாகச் சேர்வது, அழுகிய வாடை, இதில் எது வந்தாலும் டேங்க் பக்கமே கொண்டுபோகாமல் கொட்டிவிடுங்கள். அதனால்தான் எப்போதும் ஒரு சின்ன பாட்டில் உறை ஃப்ரிட்ஜில் தனியாக இருக்க வேண்டும். மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். புதினா ஜூஸ் என்று யாராவது குடிக்கப் பார்ப்பார்கள்.

எஃப்/2 கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. பாசி அதை முழுக்கத் தின்று தீர்க்கும் முன் இளம்பச்சையிலேயே அறுவடை செய்தால் மீதி நைட்ரேட் நேராக டேங்க்கில் விழும், கண்ணாடியில் முடிப்பாசி படரும். கருக்கும் வரை காத்திருங்கள். ஹேச்சரிகளில் பெரிய தொட்டிகளுக்கு யூரியா, சூப்பர் பாஸ்பேட், அமோனியம் சல்ஃபேட் போட்டு வளர்ப்பதைப் பார்த்து வீட்டிலும் சிலர் செய்கிறார்கள். ரோட்டிஃபர் பக்கெட்டுக்கும் வீட்டு டேங்க்குக்கும் போகும் பாசியில் அமோனியா மிச்சம் இருக்கும் வாய்ப்பை நான் எடுக்க மாட்டேன்.

எந்தப் பாசி? நன்னோகுளோராப்சிஸ் சாகடிக்கவே கஷ்டமான வகை, ரோட்டிஃபருக்கு அருமை. ஆனால் செல் சுவர் கெட்டி, இ.பி.ஏ. என்ற இன்னொரு நல்ல கொழுப்பு நிறைய உண்டு, டி.எச்.ஏ. இல்லாத குறை. பாட்ஸை நன்னோவில் மட்டும் வைத்தால் உயிரோடு இருக்கும், பெருகுவதில் சுணங்கும். டெட்ராசெல்மிஸ் பத்து மைக்ரானுக்கு மேல், தானாகவே நீந்தும், பாட்ஸுக்கு நல்ல கவளம். ஐசோகிரைசிஸ் தங்கப் பழுப்பு நிறம், டி.எச்.ஏ. இதில்தான், ஆனால் சுத்தம் கொஞ்சம் தவறினாலும் முதலில் போவதும் இதுதான். பாட்ஸ் மட்டும் வைக்கப்போகிறவருக்கு டெட்ராசெல்மிஸில் தொடங்கி, கை பழகியபின் ஐசோகிரைசிஸ் சேர்ப்பதே சரி. தொடக்கக் கல்ச்சரைத் தெரியாத இடத்தில் வாங்குவதைவிட மண்டபம், முட்டுக்காடு போன்ற இடங்களில் இருக்கும் ஆய்வு நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். சுத்தமான உறை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பேஸ்ட்டா, உயிர்ப்பாசியா என்றால் ரோட்டிஃபருக்குப் பேஸ்ட்டே போதும், குறுகிய காலத் தேவைதானே. பாட்ஸை வருடம் முழுக்க வைக்கப்போகிறவருக்குச் சொந்தப் பாசி லாபம்; உயிருள்ள செல் அடியில் படிந்து அழுகாது, கழிவு அம்மோனியாவையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரே வீட்டில் எத்தனை?

எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ரோட்டிஃபர் ஒரு துளித் தண்ணீரில் வந்துவிடும்: குமிழி உடைந்து தெறிக்கும் துளி, நனைந்த கை, மாற்றிப் போட்ட ஏர் டியூப். நன்னோ பாட்டில் ராத்திரி கரும்பச்சையாக இருந்து இரண்டு நாளில் காரணமே இல்லாமல் வெளுத்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நீந்தும் தூசி தெரியும். பாட்ஸ் பக்கெட்டில் புகுந்தாலும் அதே கதை. பாட்ஸின் சாப்பாட்டை எல்லாம் அது முதலில் தின்று முடித்துவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பாசி ஒரு அறையில், ரோட்டிஃபர் வேறு அறையில், தனித்தனி ஏர் பம்ப். காலையில் முதலில் பாசி வேலை, அப்புறம் பாட்ஸ், கடைசியில் ரோட்டிஃபர். இந்த வரிசையைத் திருப்பாதீர்கள்.

என் தேர்வைச் சொல்கிறேன். மாண்டரின் இருந்தால் அபோசைக்ளாப்ஸ் ஒரு பக்கெட், டெட்ராசெல்மிஸ் இரண்டு பாட்டில், வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம். கிளவுன் குஞ்சு என்றால் எஸ் வகை ரோட்டிஃபர் இரண்டு பக்கெட், நன்னோ பேஸ்ட், ஆர்ட்டிமியா முட்டை, தினமும் காலை மாலை வேலை. குஞ்சு தேறியதும் ரோட்டிஃபரை மூடிவிடலாம். ஃபெதர் டஸ்டரும் சிப்பியும் மட்டும் என்றால் நன்னோவும் டெட்ராசெல்மிஸும் மாற்றி மாற்றி. வேலை காரணமாக ஞாயிறு மட்டும்தான் நேரம் என்பவர்கள் ஆர்ட்டிமியாவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆர்ட்டிமியா முட்டைக்கு நீங்கள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பாசிக்குக் காற்றும் விளக்கு டைமரும் போதும். பாட்ஸுக்குக் கிளம்பும் முன் பாசியைச் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டுப் போகலாம். ரோட்டிஃபர்தான் தகராறு. எல் வகை என்றால் கொஞ்சத்தை வடித்து நல்ல தண்ணீரில் அடர்த்தி குறைவாக ஃப்ரிட்ஜில் வைத்தால் பெரும்பகுதி உயிரோடு திரும்பும்; எஸ் வகைக்குக் குளிர் ஆகாது. அதை வீட்டில் இருப்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், அதுவும் "தண்ணீர் தெளிந்தால் மட்டும் இத்தனை சொட்டு" என்று பக்கெட்டிலேயே எழுதி ஒட்டிவிட்டு. பாவம் பார்த்து அதிகம் போடுகிறவரிடம் ஒப்படைத்தால் திரும்பி வந்ததும் கழுவ வேண்டிய பக்கெட்டுதான் இருக்கும். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் அன்றே வாங்கி வையுங்கள், ரோட்டிஃபர் பக்கெட்டுக்கு முதல் இணைப்பு.